அமெரிக்காவில் படிக்கப் போகும் பிள்ளைக்கு எந்த ஹெல்த் இன்ஷூரன்ஸ்?

எம்.எஸ். படிக்க அமெரிக்கா கிளம்பும் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து முதல் பில் வரும்போது, டியூஷன் ஃபீஸுக்குக் கீழே யாரும் கேட்காமலேயே ஒரு வரி ஏறியிருக்கும்: ஸ்டூடன்ட் ஹெல்த் இன்ஷூரன்ஸ். பல இடங்களில் இது ஆண்டுக்கு 2,000 டாலரிலிருந்து 5,000 டாலர் வரை போகிறது. சில பல்கலைக்கழகங்களில் அதற்கும் மேல். உங்கள் பில்லில் 3,200 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதே வாரத்தில் சீனியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு லிங்க் வரும். வெளியே 900 டாலருக்கு ஒரு பாலிசி கிடைக்கிறது, அதை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்து பாலிசி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்பார்கள். கல்விக் கடன் வாங்கி அனுப்பும் குடும்பத்துக்கு 2,300 டாலர் மிச்சம் என்பது சின்னத் தொகை இல்லை. யாருக்கும் கை அந்த லிங்க் பக்கம்தான் போகும்.

பிரீமியத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் தவறாகத்தான் முடியும். பிள்ளைக்கு உடம்புக்கு மோசமாக வந்துவிட்ட ஒரு வருடத்தில், எல்லாம் சேர்த்து நம் கையை விட்டு அதிகபட்சம் எவ்வளவு போகும்? ஒவ்வொரு பாலிசிக்கும் அந்த ஒரு தொகையைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாகத் தெளிந்துவிடும்.

கட்டாயம் யாருடையது?

எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் போகிறவருக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் இருந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசின் விசா விதி எதுவும் கிடையாது. கட்டாயப்படுத்துவது பல்கலைக்கழகம்; சில இடங்களில் மாநிலச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் முழுநேரப் படிப்பில் முக்கால் பங்குக்குக் குறையாமல் படிக்கிற கல்லூரி மாணவர்கள் இன்ஷூரன்ஸ் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

பரிமாற்றத் திட்டங்களில் போகிறவர்களுக்கான ஜே-1 விசா வேறு கதை. அதற்கு மத்திய அரசே அளவு வகுத்திருக்கிறது: ஒரு நோய்க்கு அல்லது ஒரு விபத்துக்குக் குறைந்தது 1,00,000 டாலர், உயிரிழந்தால் உடலை ஊருக்கு அனுப்ப 25,000 டாலர், சிகிச்சைக்காகச் சொந்த நாட்டுக்குக் கொண்டுபோக 50,000 டாலர், டிடக்டிபிள் (கம்பெனி தர ஆரம்பிக்கும் முன் நாம் கட்டும் தொகை) ஒரு நோய்க்கு அல்லது விபத்துக்கு 500 டாலருக்கு மேல் கூடாது. கூட வரும் ஜே-2 குடும்பத்தாருக்கும் இதே விதிதான். "ஜே-1 விதிக்கு ஏற்ற பாலிசி" என்று விளம்பரத்தில் பார்த்தால், விசா விதி நிறைவேறும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஐ.சி.யூ.வில் சில நாள் படுத்தாலே 1,00,000 டாலர் கரைந்துவிடும்.

உச்சவரம்பு யாருக்கு?

நம் ஊர் மெடிக்ளெய்ம் பாலிசி நமக்குப் பழகியது. 5 லட்சத்துக்கு எடுத்தால், அந்த 5 லட்சம் வரை கம்பெனி கொடுக்கும். அதற்கு மேல் போனால் நாம் கொடுக்க வேண்டும். அதாவது உச்சவரம்பு கம்பெனிக்கு. அமெரிக்காவில் ஒழுங்கான பாலிசி இதற்கு நேர் தலைகீழ். முதலில் கொஞ்சம் நாம் கொடுக்கிறோம், பிறகு கம்பெனியும் நாமும் பங்கு போட்டுக் கொடுக்கிறோம், ஒரு கட்டத்துக்கு மேல் முழுவதும் கம்பெனி கொடுக்கிறது. உச்சவரம்பு நமக்கு. இந்த ஒரு வித்தியாசம் மனதில் பதியாமல் பாலிசி எடுக்கப் போனால், "5,00,000 டாலர் கவரேஜ்" என்ற பெரிய எழுத்தைப் பார்த்து ஏமாந்துபோவோம்.

பங்கு போடுவதில் நான்கு சொற்கள் வரும். டிடக்டிபிள் என்பது கம்பெனி பணம் தர ஆரம்பிக்கும் முன் நாம் கட்ட வேண்டிய தொகை. பெரும்பாலும் பாலிசி ஆண்டுக்கு ஒரு முறை. கோபே என்பது ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்கும்போதும் கட்டும் நிலையான தொகை, 30 டாலர் மாதிரி. கோஇன்ஷூரன்ஸ் என்பது டிடக்டிபிள் முடிந்த பிறகு நம் பங்கின் சதவீதம்; 20 சதவீதம் என்பது சாதாரணமாகப் பார்க்கக்கூடியது. நான்காவதுதான் முக்கியமானது: அவுட் ஆஃப் பாக்கெட் மேக்சிமம். டிடக்டிபிள், கோபே, கோஇன்ஷூரன்ஸ் மூன்றும் சேர்ந்து இந்தத் தொகையைத் தொட்டுவிட்டால், அந்த ஆண்டு முடியும் வரை நெட்வொர்க்குக்குள், அதாவது கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரி, டாக்டர்களிடம் செய்யும் சிகிச்சைக்கு நாம் ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டாம். பிரீமியம் இந்தக் கணக்கில் சேராது. 2010இல் வந்த அஃபோர்டபிள் கேர் ஆக்ட் சட்டம் இதற்கு மேல்வரம்பு வைக்கிறது. 2025ஆம் ஆண்டுக்கு ஒரு நபருக்கு 9,200 டாலர். பாலிசி இதைவிடக் குறைவாக வைக்கலாம், கூட்ட முடியாது. இதே சட்டத்தின்படி அத்தியாவசிய சிகிச்சைகளுக்குக் கம்பெனி "ஆண்டுக்கு இவ்வளவுதான் தருவோம்" என்று வரம்பு போடவும் கூடாது. பல்கலைக்கழகங்கள் தரும் மாணவர் பாலிசிகளில் பெரும்பாலானவை இந்தச் சட்டத்துக்குள் வருபவை. வெளியே 900 டாலருக்கு விற்பவற்றில் பெரும்பாலானவை வராதவை. விலை வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் இதுதான்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எண்கள் புரிவதற்காக வைத்துக்கொண்டவை, ஆனால் கடைத்தெருவில் காணக்கூடிய அளவுகள். முதல் பாலிசி பல்கலைக்கழகத்துடையது: பிரீமியம் 3,200, டிடக்டிபிள் 500, கோஇன்ஷூரன்ஸ் 20 சதவீதம், அவுட் ஆஃப் பாக்கெட் மேக்சிமம் 4,000. இரண்டாவது வெளியே எடுப்பது: பிரீமியம் 900, டிடக்டிபிள் 250, கோஇன்ஷூரன்ஸ் 20 சதவீதம், ஒரு நோய்க்குக் கம்பெனி தருவது அதிகபட்சம் 1,00,000, நமக்கு வரம்பு எதுவும் இல்லை.

குடல்வால் அறுவை சிகிச்சை, கம்பெனி ஒத்துக்கொண்ட விலை 24,000 டாலர் என்று வையுங்கள். முதல் பாலிசியில் டிடக்டிபிள் 500, மீதி 23,500இல் 20 சதவீதம் 4,700, கூட்டினால் 5,200. ஆனால் 4,000லேயே நின்றுவிடும். பிரீமியத்தோடு 7,200. இரண்டாவதில் 250, பிறகு 23,750இல் 20 சதவீதம் 4,750. மொத்தம் 5,000, பிரீமியத்தோடு 5,900. இந்த இடத்தில் மலிவான பாலிசிதான் ஜெயிக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஒன்றுமே நடக்காத வருடத்திலும் அதுதான் ஜெயிக்கும். சீனியர்கள் "எனக்கு ஒரு பிரச்சினையும் வரலை" என்று சொல்வது பொய்யில்லை.

இப்போது சைக்கிளில் போகும்போது கார் மோதி, தலையில் அடி, பில் 2,50,000 டாலர். முதல் பாலிசியில் அதே 4,000தான். பிரீமியத்தோடு அதே 7,200. இரண்டாவதில் கம்பெனி 1,00,000 கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். மீதி 1,50,000 டாலர் 23 வயதுப் பிள்ளையின் பெயரில் நிற்கும். இன்ஷூரன்ஸ் எடுப்பதே இந்த மாதிரி நாளுக்காகத்தான். அந்த நாளில் கைவிடும் பாலிசியில் மிச்சம் பிடித்த 2,300 டாலருக்கு அர்த்தமே இல்லை.

இரண்டாவது வகையைவிட மோசமான மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. டாக்டரைப் பார்த்தால் 55 டாலர், அறுவை சிகிச்சைக்கு 2,500 டாலர் என்று ஒவ்வொன்றுக்கும் நிலையான தொகையைப் பட்டியல் போட்டுத் தரும் ஃபிக்ஸட் பெனிஃபிட் பாலிசி. உண்மையான பில் எவ்வளவு என்பதைப் பற்றி அது கவலைப்படாது. சுற்றிப் பார்க்க வரும் பெற்றோருக்கு விற்கப்படும் இந்த வகையை மாணவர் எடுக்கவே கூடாது.

எட்டுப் பக்கக் காகிதம்

விளம்பரப் பக்கத்தை மூடிவிட்டு, "சம்மரி ஆஃப் பெனிஃபிட்ஸ் அண்ட் கவரேஜ்" என்ற ஆவணத்தைக் கேளுங்கள். அஃபோர்டபிள் கேர் ஆக்டுக்குள் வரும் பாலிசி எதுவானாலும் இதை எட்டுப் பக்கத்துக்கு மேல் போகாமல், ஒரே அச்சில் தர வேண்டும். முதல் பக்கத்திலேயே டிடக்டிபிளும் அவுட் ஆஃப் பாக்கெட் மேக்சிமமும் கேள்வி பதிலாக இருக்கும். கடைசிப் பக்கத்தில் மூன்று உதாரணம் போட்டு, பிரசவம், சர்க்கரை நோய், எலும்பு முறிவு ஒவ்வொன்றுக்கும் நோயாளி கட்டுவது எவ்வளவு என்று கணக்குக் காட்டியிருப்பார்கள். எல்லாக் கம்பெனிக்கும் அதே மூன்று உதாரணம் என்பதால் இரண்டு பாலிசியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். இந்த ஆவணத்தில் "மினிமம் எசென்ஷியல் கவரேஜ்", அதாவது சட்டம் ஏற்கும் குறைந்தபட்ச கவரேஜ், தருகிறதா என்ற ஒரு வரியும் உண்டு. அதற்கு எதிரே "யெஸ்" இருக்க வேண்டும். இப்படி ஒரு காகிதமே எங்களிடம் இல்லை, வெறும் பிரோஷர்தான் என்று சொன்னால், அதுவே ஒரு பதில்.

விலக்குகள் பக்கத்தையும் விடாமல் படியுங்கள். பார்க்க வேண்டியவை நான்கு. ஏற்கெனவே இருக்கும் நோய்: தைராய்டு, ஆஸ்துமா, சர்க்கரை, பி.சி.ஓ.எஸ். எதுவானாலும் மலிவான பாலிசிகள் ஆறு மாதம், ஒரு வருடம் எனக் காத்திருக்கச் சொல்லும், அல்லது தரவே தராது. இது பெரும்பாலும் எமர்ஜென்ஸி வார்டில்தான் வெடிக்கும். மூச்சு முட்டிப் போய்ச் சேர்ந்த பிள்ளை, டாக்டர் கேட்டதற்கு "சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு" என்று உண்மையைச் சொல்லும். அது கேஸ் ஷீட்டில் ஏறும். கம்பெனி அந்த ஒரு வரியைக் காட்டிக் கிளெய்மை மறுக்கும். இதற்காக டாக்டரிடம் மறைப்பது ஆபத்து. வீசிங் இருக்கும் பிள்ளைக்கு அதை ஏற்கும் பாலிசியை எடுப்பதுதான் வழி.

அடுத்தது மனநல சிகிச்சை. புது ஊர், தனிமை, வேலை கிடைக்குமா என்ற பயம் எல்லாம் சேர்ந்து முதல் வருடக் குளிர்காலத்தில் கவுன்சலர் தேவைப்படும் பிள்ளைகள் நிறைய. மலிவான பாலிசி இதற்குச் சில நூறு டாலரோடு நிறுத்திக்கொள்ளும். மூன்றாவது விளையாட்டுக் காயம், கிரிக்கெட்டும் ஷட்டிலும் உட்பட. நான்காவது பிரசவம்: மனைவியோடு போகிறவர்கள், பாலிசி தொடங்கிய பிறகு கருத்தரித்தால்தான் தருவோம் என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்தியக் கம்பெனிகள் ரூபாயில் விற்கும் மாணவர் பயண பாலிசிக்கும் ஒரு இடம் உண்டு. பல்கலைக்கழகத்து பாலிசி ஆகஸ்ட் நடுவில் தொடங்கி, பிள்ளை ஜூலைக் கடைசியிலேயே போய் இறங்கினால், இடையில் உள்ள நாட்களுக்கும், பெட்டி தொலைந்தது, பாஸ்போர்ட் தொலைந்தது மாதிரி விஷயங்களுக்கும் உதவும். ஆண்டு முழுவதற்கும் அதை மட்டுமே நம்பிப் போவது வேண்டாம்.

வெய்வர் என்னும் விலக்கு

பல்கலைக்கழகத்து பாலிசி வேண்டாம் என்று சொல்வதற்குப் பெயர் வெய்வர். எல்லா இடத்திலும் இது கிடையாது. சில பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவருக்கு வெய்வரே தருவதில்லை. முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் வெளியே 900 டாலர் கட்டிவிட்டு, பிறகு பல்கலைக்கழகத்துக்கும் 3,200 கட்ட நேர்ந்தவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள்.

வெய்வர் உண்டென்றால், பணம் கட்டும் முன் அதன் நிபந்தனைப் பட்டியலை எடுத்து, வாங்கப்போகும் பாலிசியோடு வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். வழக்கமாகக் கேட்பவை: ஆண்டு முழுவதும் இடைவெளியில்லாத கவரேஜ், அமெரிக்காவுக்குள் கிளெய்ம் அலுவலகம், கல்லூரி இருக்கும் ஊரில் நெட்வொர்க் ஆஸ்பத்திரி, மனநலத்துக்கும் பிரசவத்துக்கும் மற்ற நோய்க்கு உள்ள அதே கவரேஜ், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு இல்லாமை, டிடக்டிபிள் ஓர் அளவுக்குள். நாம் முதலில் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளும் ரீஇம்பர்ஸ்மென்ட் பாலிசியைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். விற்கும் இணையதளம் "எல்லாப் பல்கலைக்கழகத்திலும் ஏற்பார்கள்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். பாலிசி விவரத்தை மாணவர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கடைசித் தேதி கறாரானது. செமஸ்டர் தொடங்கிய சில வாரங்களில் முடிந்துவிடும். ஒரு நாள் தாண்டினாலும் பணம் திரும்பாது. வெய்வர் வாங்கினால் ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டும், சில இடங்களில் செமஸ்டருக்கு ஒரு முறை.

பில்லில் "ஹெல்த் ஃபீ" என்று தனியாக ஒன்று இருந்தால் அது இன்ஷூரன்ஸ் இல்லை. வளாகத்துக்குள் இருக்கும் கிளினிக்கில் டாக்டரைப் பார்ப்பதற்கான கட்டணம். அது இருப்பதால் இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று நினைத்து வெய்வர் விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட்டால் நிராகரித்துவிடுவார்கள்.

எடுத்த பிறகு தவறுவது

நல்ல பாலிசியே இருந்தாலும், போகும் இடம் தப்பானால் பணம் போகும். கார்டில் இருக்கும் நெட்வொர்க் பெயரை வைத்துக் கம்பெனியின் தளத்தில் தேடி, கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு அர்ஜென்ட் கேர் (முன்பதிவு இல்லாமல் போகக்கூடிய சிறு கிளினிக்), ஒரு பெரிய ஆஸ்பத்திரி இரண்டையும் முதல் வாரத்திலேயே குறித்து வைக்கச் சொல்லுங்கள். காய்ச்சல், சுளுக்கு, சிறு வெட்டு, தொண்டை வலிக்கு அர்ஜென்ட் கேர் போதும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், நினைவு தப்புதல், நிற்காத ரத்தம் என்றால் யோசிக்காமல் அவசர எண்ணான 911ஐ அழைத்து எமர்ஜென்ஸிதான். 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, கையில் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் எமர்ஜென்ஸியில் பரிசோதித்து நிலைப்படுத்தியே ஆக வேண்டும். பில் பிறகு வரும். 2022 ஜனவரி முதல், நெட்வொர்க்கில் இல்லாத எமர்ஜென்ஸி ஆனாலும் கூடுதல் பில் போடக் கூடாது என்று சட்டம் வந்திருக்கிறது. ஆனால் சாலையில் போகும் ஆம்புலன்ஸுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, குறுகிய கால பாலிசி வைத்திருப்பவருக்கும் பொருந்தாது.

சில பல்கலைக்கழக பாலிசிகளில், எமர்ஜென்ஸி தவிர எதற்கும் முதலில் வளாகக் கிளினிக்குக்குப் போய் ரெஃபரல் சீட்டு வாங்க வேண்டும். அது இல்லாமல் தோல் டாக்டரிடம் நேரே போனால் கிளெய்ம் மறுக்கப்படும், அல்லது கூடுதல் டிடக்டிபிள் விழும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மாதிரி விலை கூடியவற்றுக்குக் கம்பெனியின் முன் அனுமதியும் வேண்டும். அந்த அனுமதி வந்துவிட்டதா என்று ஸ்கேனுக்கு முந்தின நாள் போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

பிறகு கம்பெனியிடமிருந்து தபாலில் ஒரு காகிதம் வரும், பெயர் ஈ.ஓ.பி. (எக்ஸ்ப்ளனேஷன் ஆஃப் பெனிஃபிட்ஸ்). மேலேயே "திஸ் இஸ் நாட் எ பில்" என்று இருக்கும். டிடக்டிபிள் முடிந்துவிட்ட ஒருவருக்கு அது இப்படிப் படிக்கும்: ஆஸ்பத்திரி போட்ட தொகை 640, பிளான் டிஸ்கவுன்ட் 430, ஒத்துக்கொண்ட விலை 210, பிளான் கொடுத்தது 168, உங்கள் பங்கு 42. கட்ட வேண்டியது அந்தக் கடைசி எண். ஆஸ்பத்திரியிலிருந்து 640 என்று பில் வந்தால் பதறிக் கட்டிவிடக் கூடாது. பெரும்பாலும் அவர்களிடம் மெம்பர் நம்பர் சரியாகப் பதிவாகியிருக்காது. பில்லிங் பிரிவுக்கு அழைத்து, கார்டில் உள்ள எண்ணைச் சொல்லி, இன்ஷூரன்ஸுக்கு அனுப்பச் சொன்னால் சரியாகும். ஈ.ஓ.பி.யும் பில்லும் ஒத்துப்போன பிறகுதான் பணம்.

இன்னொரு கடிதம் வரும். இதைக் குப்பை என்று தூக்கிப் போடுவதால்தான் எத்தனையோ கிளெய்ம் நின்றுபோகிறது. "உங்களுக்கு வேறு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா? இந்தக் காயம் வேலை இடத்தில் பட்டதா, கார் விபத்தா?" என்று கம்பெனி கேட்கும். பதில் போகும் வரை ஒரு டாலர் நகராது. அதற்குள் பில் வசூல் ஏஜென்சிக்குப் போய்விடும். ஆன்லைனில் ஐந்து நிமிட வேலை.

இங்கேயே முடித்துவிட்டுப் போக வேண்டியவை: பல்லும் கண்ணும். மாணவர் பாலிசிகளில் வழக்கமான பல் சிகிச்சையும் கண்ணாடியும் பெரும்பாலும் சேராது. சொத்தை அடைப்பதையும் ஞானப்பல்லையும் கிளம்பும் முன்பே பார்த்து, கண்ணாடி இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள். தினசரி மாத்திரை இருந்தால் டாக்டர் சீட்டோடு 90 நாளுக்கு மிகாமல் எடுத்துப் போகலாம். எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) தடுப்பூசி இரண்டு டோஸும் இங்கேயே போட்டுக்கொள்ளலாம். சின்ன வயதில் பி.சி.ஜி. போட்ட நம் பிள்ளைகளுக்குத் தோலில் செய்யும் டி.பி. சோதனை பாசிட்டிவ் காட்டக்கூடும் என்பதால், ரத்தத்தில் செய்யும் இக்ரா சோதனையை ஏற்பார்களா என்று பல்கலைக்கழகத்திடம் முன்பே கேட்டு வைத்தால் அலைச்சல் மிச்சம்.

படிப்பு முடிந்து ஓ.பி.டி.யில், அதாவது மாணவர் விசாவிலேயே தற்காலிகமாக வேலை பார்க்கத் தரும் அனுமதியில், வேலை தேடும் மாதங்கள்தான் பலரும் கவனிக்காமல் விடும் இடம். பட்டம் வாங்கிய பிறகு பல்கலைக்கழகத்து பாலிசி அந்தப் பருவத்தோடு முடிந்துவிடும், வேலையும் இன்னும் வந்திருக்காது. எஃப்-1 விசாவில் சட்டப்படி இருப்பவர் அரசின் இன்ஷூரன்ஸ் சந்தையில் பாலிசி வாங்கலாம். கவரேஜ் முடிகிறது என்ற காரணத்துக்காக, முடியும் தேதிக்கு 60 நாள் முன்பிலிருந்து 60 நாள் பின்பு வரை விண்ணப்பிக்க இடம் உண்டு. ஆனால் பின்பு விண்ணப்பித்தால் அடுத்த மாதம் முதல் தேதிதான் தொடங்கும், இடையில் ஒன்றுமில்லாமல் இருக்க நேரும். பாலிசி ஜூலை 31இல் முடிகிறதென்றால் ஜூன் மாதமே விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும். புதியது ஆகஸ்ட் 1 காலையில் தொடங்கிவிடும்.